இளநீர் பிக்-அப்புக்குப் பவர் ஸ்டீயரிங்

பழைய பிக்-அப்புகளுக்கு மின்சாரப் பவர் ஸ்டீயரிங் பொருத்துவது கிள்ளான் நகரில் என் தொழில். அந்த மாதிரி வண்டியின் ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் திருப்பிப் பார்த்தவர் யாராவது இதைப் படித்தால், மேலே நான் விளக்க வேண்டியதில்லை, தோள்பட்டையே சொல்லும்.

விற்க மாட்டார்

காப்பாரில் இளநீர் வியாபாரம் செய்யும் முனியாண்டி அங்கிளுக்குத் தோளில் ஆபரேஷன். பிக்-அப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் ஸ்டீயரிங்கைத் திருப்ப வீட்டில் வேறு யாருக்கும் பலமில்லை. இரண்டு மாதமாக இளநீரெல்லாம் மரத்திலேயே தேங்காயாகிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி சரோஜா ஆன்டிதான் பட்டறைக்கு வந்து விவரம் சொன்னார். விற்றுவிட்டு வேறு வண்டி வாங்கலாமே என்றேன். ஆன்டி சிரிக்கவில்லை.

"அந்த வண்டி எனக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்தது, தம்பி. வித்தா முதல்ல என்னைத்தான் விப்பாரு."

மூன்று நாள் காவல்

விபத்தில் நசுங்கிய ஒரு சின்னக் காரின் ஸ்டீயரிங் மோட்டாரை எடுத்து டேஷ்போர்டுக்குக் கீழே பொருத்த மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் அங்கிள் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். கடைசி நாள், மோட்டார் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். ஒன்றும் ஆகாது, முன்பு போலக் கனமாகத் திரும்பும் என்றேன். அன்றுதான் அவர் முகம் தெளிந்தது.

"அப்ப கெட்டுப்போச்சுன்னா நல்லாயிரும்னு சொல்லு."

முதல் வளைவு

சில வாரத்தில் டாக்டர் அனுமதி கொடுக்க, அங்கிள் வண்டியை எடுக்க வந்தார். நாற்பது வருடப் பழக்கம். வாசலிலேயே முழுப் பலத்தையும் போட்டுத் திருப்பினார். வண்டி வட்டமடித்துப் பக்கத்து டயர் கடையின் அடுக்குக்குள் புகுந்தது. யாருக்கும் அடியில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். டயர்கள் ஒவ்வொன்றாக உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வண்டிக்கு என்னை அடையாளம் தெரியல."

இடது பக்கம்

ஒரு மாதம் கழித்து வண்டி நிறைய இளநீரோடு இருவரும் வந்தார்கள். ஓட்டி வந்தவர் சரோஜா ஆன்டி. இப்போது இளநீர் விற்கக் கிள்ளானுக்கும் தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் தினமும் அவர்தான் ஓட்டுகிறாராம். பத்துமலைக் கோயில் கூட்டத்தில்கூட ஒரே தடவையில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாராம். இதை அங்கிளே, புகார் மாதிரி சொன்னார். தோள் தேவலாம் என்றார். ஸ்டீயரிங்கும் பிரமாதம் என்றார். பிறகு என்னதான் குறை என்று கேட்டேன். இடது பக்கக் கதவைத் தட்டிக் காட்டினார்.

"என் பக்கம் பிடிச்சுக்க ஒரு கைப்பிடி வச்சுக் குடு லா, தம்பி."

அதிலிருந்து, பவர் ஸ்டீயரிங் கேட்டு வரும் கணவர்களிடம், கைப்பிடியையும் சேர்த்தே போட்டுவிடலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுகிறேன்.