ஓட்டை பிளேட்டும் தையல் மெசினும்

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. கல்முனைச் சந்தையில் மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினாலும் நானும் ஒருமுறை தூக்கிப் பார்க்காமல் விடமாட்டேன். வீட்டுக்காரர் சம்மாந்துறை வேளாண்மைக் குடும்பம், அவரும் லேசுப்பட்டவரல்ல. விதைநெல்லைத் தண்ணீரில் கொட்டி, மிதக்கிற பதரை அள்ளி எறிந்த பிறகுதான் அவருக்கு மூச்சே வரும். இப்படி இரண்டு பேர் ஒரு குடும்பமானால் யாருக்காவது கேடு வரத்தானே செய்யும். வந்தது என் கூடப் பிறந்த அண்ணன், என் காக்காவுக்கு.

எண்பதுகளின் தொடக்கத்தில் வீட்டுக்காரர் அரபு நாடொன்றில் மின்சார நிலையத்தில் இருந்தார். அங்கே எரிவாயுவை எரித்து, அந்தச் சூட்டுக் காற்றின் வேகத்தில் பெரிய சக்கரத்தைச் சுழற்றுவார்களாம். சக்கரத்தின் விளிம்பில் நெருக்கமாகச் செருகிய, விசிறி இறக்கை மாதிரியான உலோகத் துண்டுகளுக்குப் பெயர் பிளேட். ஒவ்வொரு பிளேட்டையும் தராசில் நிறுத்து, பாரமானதுக்கு நேரெதிரே பாரமானதை வைத்துப் பொருத்துவது இவருடைய வேலை. பிசகினால் சுற்றும்போது எந்திரம் உதறும். பிறகு என் காக்காவையும் இவரே அங்கே எடுப்பித்தார். அவருக்கு ஸ்டோரில் வேலை, வருகிற பெட்டிகளைப் பொறுப்பெடுப்பது.

அந்தக் காலத்தில் கடிதத்தைவிடக் குரலைப் பதிந்து அனுப்பும் கசட்தான். லீவில் வருகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். ஒரு பக்கம் எல்லோருக்கும், மறுபக்கம் பெண்சாதிக்கு மட்டும். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் இதுதான் முறை. பொதுப்பக்கத்தில் சலாமும் சுகமும் முடிந்ததும் உம்மாவும், காக்காவின் பெண்சாதியான மதினியும் எழுந்து அடுப்பு வேலை பார்க்கக் குசினிக்குப் போய்விடுவார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு மறுபக்கத்தைப் போடுவேன். என் பக்கத்துக்கு வீட்டுக்காரர் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பார். அந்தமுறை மனுசன் மறந்துவிட்டார். நானும் உம்மாவும் மதினியும் பக்கத்தில் இருக்கும்போதே ஏதோ ஒரு பக்கத்தைப் போட்டுவிட்டேன்.

“புள்ள, இத ஒருத்தருக்கிட்டயும் கதைச்சிராத,” என்று ஆரம்பித்தது குரல். “புது பிளேட் வந்திரிக்கி. கையில தூக்கினா பழசு மாதிரிப் பாரமில்ல. உள்ளுக்கு ஒண்டுமில்லாத கோறை, மேல ஊசி குத்தின மாதிரி ஓட்டை. கேட்டா, இது புதுமாதிரி எண்டு சொல்றானுகள். எனக்குப் பதராத்தான் விளங்குது. நல்ல சாமான் ஸ்டோருக்க மாறிப் போயிருக்குமோ எண்டு உன்ட காக்காட மேலதான் எனக்கு...”

பாய்ந்து நிறுத்தினேன். என்ன பிரயோசனம்? மதினி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். உம்மா என்னைப் பார்த்தா. “உன்ட புருசனுக்கு என்னகா புடிச்சிரிக்கி?” என்று கேட்டா.

உம்மாவுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. எனக்கு வந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கூடப் பிறந்தவனைப் பற்றி ஒரு குரல் சொன்னதும், “சீ, இருக்காது” என்று சொல்லாமல், “இருக்குமோ” என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து சமாதானம் பேசப் போகிறேன் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு மதினி வீட்டுக்குப் போனேன். உண்மையில் துப்புப் பார்க்கத்தான் போனேன். உள்ளறையில் புதுத் தையல் மெசின் ஒன்று துணி போர்த்தி இருந்தது. மதினி தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நான் குடித்துக்கொண்டே அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏது மெசின், எந்தக் காசில் வந்தது என்று கேட்க வாய் வரவில்லை. அன்றைக்கே என் பதில் கசட்டில் சொன்னேன்: “அங்க புதுத் தையல் மெசின் இரிக்கி. நீங்க கவனம்.”

அந்த ஒரு சொல்தான் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போய் மேலதிகாரியிடம் நிறுத்தியது. விசாரணை முடியும்வரை காக்காவை ஸ்டோரிலிருந்து எடுத்து, வெயிலில் முற்றம் கூட்ட விட்டார்கள். ஊரில் மதினி எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் பார்க்கவில்லை.

மூன்றாம் மாதம் அடுத்த கசட் வந்தது. வீட்டுக்காரரின் குரல் இறங்கிப்போய் இருந்தது.

“அது பதரில்ல புள்ள. இஞ்சினியர் ஒண்ட அறுத்தே காட்டினாரு. நெருப்புச் சூட்டுல முழு உலோகம் தாங்காதாம். அதால உள்ளுக்குக் கோறையா வார்த்து, குளிர்ந்த காத்த உட்டு, அந்த ஓட்டையால வெளிய எடுக்கிறாங்க. பாரம் குறைஞ்சா சுத்தக்குள்ள சக்கரத்த இழுக்கிற இழுவையும் குறையுமாம். நான்தான் மடையன். உன்ட காக்காவ மறுகா ஸ்டோருக்கு எடுத்துட்டாங்க. நீ மெசின் எண்டு சொல்லாட்டி நான் மேல போயிருக்கமாட்டன்.”

கடைசி வசனம் எனக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் அது உண்மை. தையல் மெசின் மதினியின் தங்கையுடையது என்றும், அவள் வீட்டுக் கூரை ஒழுகியதால் கொண்டுவந்து வைத்திருந்தாள் என்றும் பிறகு உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஹஜ் பெருநாளைக்குக் காக்கா லீவில் வந்தார். கறுத்து, கழுத்துத் தோல் உரிந்து போயிருந்தது. மதினி வீட்டு வாசலில் நின்று அழுதேன்.

“அவர் அப்பிடிச் சொன்னதாலதான் காக்கா எனக்கும்...” என்று இழுத்தேன்.

காக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மச்சான் அந்த பிளேட்டக் கையில தூக்கிப் பார்த்துட்டுத்தான் என்னச் சந்தேகப்பட்டாரு,” என்றார். “நீ எதத் தூக்கிப் பார்த்த, தங்கச்சி?”