பிரஸ் மெஷினுக்கு ஒரு கூண்டு

பிரஸ் மெஷின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. டப்பா மூடி அடிக்கும் பட்டறை அது. தகட்டை வைக்கணும், கையை எடுக்கணும், காலால் மிதிக்கணும். ஒருநாள் எடுப்பதும் மிதிப்பதும் முன்பின்னாகிவிட்டது. அடுத்த மெஷினில் இருந்த நாத்தனார்தான் கையில் துண்டைச் சுற்றி வண்டியில் ஏற்றினாள்.

முதலாளி வீடு தேடி வந்து அழாத குறையாகப் பேசினார். அதோடு சரி. வேலை போனது போனதுதான்.

தொழிற்பயிற்சி மையத்தில் சேரப் போனாள். கிளார்க் அவள் கையைப் பார்த்துவிட்டு, "தையல் பிரிவு இருக்கும்மா" என்றார்.

"அதுக்கும் விரல் வேணுமே சார்" என்றாள்.

மெஷின் பிரிவிலேயே சேர்ந்தாள். முதல் இரண்டு மாதம் அரமும் ரம்பமும். ஓர் இரும்புத் துண்டைச் சதுரமாக ராவ வேண்டும். அரம் கையை விட்டு வழுக்கி ஓடியது. பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டாள். மற்றவர்கள் நாலு நாளில் முடித்ததற்கு அவளுக்குப் பதினாறு நாள். ஆனால் மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியவில்லை, அவ்வளவு கச்சிதம். பிறகு கம்ப்யூட்டரில் வரைவது, லேசரில் வெட்டுவது, பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் பிரிண்டர். மவுஸை இடது கையில் பழகினாள்.

கடைசியில் சொந்தமாக ஒன்று செய்து காட்டச் சொன்னார்கள். மற்றவர்கள் போன் ஸ்டாண்டு செய்தார்கள். அவள் பிரஸ் மெஷினுக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு கூண்டு செய்தாள். அதன் கதவு மூடினால்தான் மிதி இறங்கும். கை உள்ளே இருந்தால் கதவு மூடாது. கதவை மிதியோடு இணைக்கும் கொக்கி இரண்டு தடவை ஒடிந்தது. மூன்றாவது நின்றது.

அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பட்டறைக்குப் போய், நாத்தனார் மெஷினில் தன் கையாலேயே மாட்டினாள். சூப்பர்வைசர் போட்டோ எடுத்துக்கொண்டார். "அண்ணி, இன்ஜினியராவே ஆயிட்டீங்க!" என்று நாத்தனார் சிரித்தாள்.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாத்தனாருக்கு வலது கட்டைவிரல் போய்விட்டது.

"கழட்டிட்டானா அந்த சூப்பர்வைசர்? சும்மா விடமாட்டேன்" என்று கட்டிலருகே நின்று கொதித்தாள்.

நாத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவர் இல்லை அண்ணி. நான்தான் கழட்டினேன். கதவைத் திறந்து மூடுறதுல ஒரு நாளைக்கு நானூறு மூடி குறையுது. இப்படியே போனா வேற ஆள் போடுவேன்னார். கூண்டைக் கழட்டட்டுமான்னு கேட்டேன். உன் இஷ்டம்னுட்டார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஆசையா செஞ்சு கொண்டாந்தீங்க. எந்த மூஞ்சியோட சொல்றது?"

சொல்லியிருந்தால் கதவு சட்டென்று தானே திறக்க ஒரு ஸ்பிரிங் போட்டிருப்பாள். அரை நாள் வேலை. அதை இப்போது சொல்லி என்ன? பட்டறையில் மற்ற மெஷின்கள் அன்றும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

நாத்தனார் இவள் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "அந்த மையத்துல இன்னும் ஆள் எடுக்கறாங்களா அண்ணி?"

மறுவாரம் விண்ணப்பத்தை இவளே நிரப்பிக் கொடுத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நாத்தனாரின் இடது கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார்கள்.