சாத்தூர் ஓடையோரம் இரும்புக் கரண்டி

சாத்தூருக்கு வெளியே, மூடிக்கிடக்கும் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் பின்புறம் ஓடைக்கரையில் நிற்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து நான் அழைத்துவந்த காது கேளாத தொழிற்பயிற்சி மாணவர்களும், இந்த ஊர்ப் பயிற்சி மையத்தின் காது கேளாத மாணவர்களும் சேர்ந்து ஓடைநீரையும் மண்ணையும் சோதித்து, மாசுள்ள இடங்களை வரைபடத்தில் குறிக்கிறார்கள். என் மாணவன் நிரோஷன் மட்டும் கரையேறி, சாம்பல் நிற மண்குவியல் ஒன்றின் முன் குந்துகிறான். அவன் கையில் மண் எடுக்கும் இரும்புக் கரண்டி.

"ஏலே, குத்தாதலே! அது பட்டாசு மருந்து, இரும்பு உரசுனாப் பத்திக்கும்!" விறகு பொறுக்க வந்த அம்மா ஒருவர் கத்துகிறார்.

அவனுக்கு எப்படிக் கேட்கும்? ஓடப் பார்க்கிறேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"ஓடாதீக டீச்சர். கீழ எம்புட்டுச் சிந்திக் கிடக்கோ! பைய போங்க."

அடிமேல் அடி வைத்துப் போகிறேன். கரண்டி உயர்கிறது. அதற்குள், அவனுக்கு நேர் கீழே தண்ணீர் மொண்டுகொண்டிருந்த உள்ளூர் மாணவி மாரிச்செல்வி அதைப் பார்த்துவிட்டுக் கரையேறி, எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிடுகிறாள். கரண்டியை வாங்கிக்கொள்கிறாள். மூடிய இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே சட்டென்று விரிக்கிறாள். பிறகு முழங்கையில் இருக்கும் தீக்காயத் தழும்பைக் காட்டுகிறாள். நிரோஷனுக்கு முகம் வெளுக்கிறது.

இருவரும் மெல்லக் கீழே இறங்கி வருகிறார்கள். மாரிச்செல்வி நோட்டில் எழுதி என்னிடம் நீட்டுகிறாள். நான் சத்தமாக வாசிக்கிறேன்: "இந்தக் குவியலையும் வரைபடத்தில் குறிக்கணும். மழை பெய்தால் எல்லாம் ஓடைக்குத்தான் போகும்."

அந்த அம்மா தலையிலிருந்த விறகுக்கட்டை இறக்கி வைக்கிறார்.

"எங்க ஆடெல்லாம் அங்கனதான தண்ணி குடிக்குது."