பானெட் சூடாக இருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை காலை. நெமிலிச்சேரியில் ஒரு அபார்ட்மென்ட்டின் கார் பார்க்கிங். மெக்கானிக் பாபு, பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் சுவரைப் பார்த்தேன்.

"போன் பண்ணியா, அண்ணாத்தே?"

பண்ணியிருந்தேன்.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். மண்ணூர்பேட்டையில் நான் லேத் ஓட்டுகிற பட்டறைக்குப் பக்கத்து ஷெட் பாபுவுடையது. தினமும் டீ ஒன்றாகத்தான். இரண்டே கதவு வைத்த, தரையோடு பதுங்கி நிற்கிற கார் ஒன்று வேண்டும் என்பது என் இருபது வயது ஆசை. அதை நான் சொன்ன முதல் ஆள் பாபு. இரண்டாவது ஆள் என் மனைவி. "தெருவுல ரெண்டு பேர் பார்த்தாலே தலையைக் குனிஞ்சுக்கிற மனுஷன்... சிவப்பு கார்ல எப்படிப் போவீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் ஒன்று... கூச்சப்படுகிறவனுக்கு ஆசை வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்ன?

புதுசு வாங்க ஏழு ஜென்மம் வேண்டும். பதினாறு வயதான கார் என்றால், நான் கட்டி முடித்த சீட்டுப் பணத்துக்குள் வரும். நெட்டில் பார்த்த இந்த வண்டியின் விலை சரியாக அந்தச் சீட்டுப் பணத்தின் அளவுக்கே இருந்தது. ஒரு ரூபாய் மிஞ்சாது. எஞ்சின் நன்றாக இருந்தால் பிழைத்தேன். இல்லையென்றால் கோவில்பதாகையில் என் வீட்டு வாசலில் கவர் போட்ட ஒரு சிவப்புச் சிலை நிற்கும். தினமும் வாசலைப் பெருக்கும்போது மனைவி அதைச் சுற்றிக்கொண்டு போவாள். ஒன்றும் சொல்லமாட்டாள் — அதுதான் பயம்.

பாபு எனக்கு ஒரே ஒரு விதிதான் சொல்லியிருந்தார். "சொல்லாம கொள்ளாம போய் நிக்கணும் அண்ணாத்தே. சொன்னேன்னு வை, அவன் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடேத்தி வச்சிருவான். சூடான எஞ்சின் எதையும் காட்டிக் குடுக்காது. ஜில்லுன்னு கீற எஞ்சின்தான் உண்மை பேசும்."

தலையாட்டினேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள் — முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில், சொல்லாமல் போய்க் கதவைத் தட்ட முடியுமா? அவர் தூங்கிக்கொண்டிருந்தால்? லுங்கியோடு வந்து கதவைத் திறந்தால்? நினைக்கவே எனக்குக் கூசியது. சனிக்கிழமை மாலையே போன் செய்து, "நாளைக்கு ஒன்பது மணிக்கு வரலாமாங்க? தொந்தரவு இல்லையே?" என்று கேட்டுவிட்டேன்.

"நாம இன்னா பொண்ணு பாக்கவா வந்துகீறோம், சொல்லிட்டு வர?" என்றார் பாபு, சூடான பானெட்டிலிருந்து கையை எடுத்தபடி. அப்புறம் வண்டிக்காரரிடம் திரும்பி, எஞ்சின் ஆறட்டும், நாங்கள் காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

வண்டிக்காரர் செந்தில், கோயம்புத்தூர்க்காரர். ஐ.டி.யில் வேலை. முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் மேலே வரச் சொன்னார்.

மூன்று மணி நேரம்! ஆறு மாதக் குழந்தை ஒன்று என் மடியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் தின்றுகொண்டிருந்தது. தட்டில் சந்தகை வந்தது; அவர்கள் ஊர் இடியாப்பம். குழந்தையோடு வெளியே கிளம்பினால் பையும் தொட்டிலும் வைக்க அந்தக் காரில் இடமே இல்லை என்று செந்திலின் மனைவி சொன்னார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஆட்டோ புக் பண்றமுங்ணா. கீழ கார் சும்மா நிக்குது."

பாபு மூன்றாவது முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். நான் முதல் பிடியையே பிசைந்துகொண்டிருந்தேன். ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவர் பொருளை எப்படிக் குறை சொல்வது?

பன்னிரண்டு மணிக்குக் கீழே வந்தோம். பானெட் ஆறியிருந்தது. செந்தில் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது. சைலன்சரிலிருந்து நீலமாகப் புகை கிளம்பியது — தூண் வரைக்கும்.

"பிஸ்டன் ரிங்கு போச்சு, ஆயில் எரியுது," என்றார் பாபு என் காதருகில். "எஞ்சினை இறக்கித்தான் வேலை பாக்கணும். மத்தபடி பாடி சூப்பர். நீயே பேசிக்கோ." கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்துவிட்டார்.

பேசுவதா? நானா? குறைத்துக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். வாய் வரவில்லை. வேண்டாம் என்று கிளம்ப வேண்டும். அதற்கும் வாய் வரவில்லை. பேசாமல் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லித் தொலைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த வாக்கியத்தை மனதுக்குள் கோத்துக்கொண்டே டயரைப் பார்த்தபடி நின்றேன்.

"மறைக்கோணும்னுதானுங்ணா காலைல ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்," என்றார் செந்தில் மெதுவாக. "முன்னாடி வந்த ரெண்டு பேரும் புகையப் பாத்துட்டுப் போயிட்டாங்க. தப்புதானுங்." சொல்லிவிட்டு விலையைக் குறைத்தார்.

என் வாக்கியம் இன்னும் கோத்து முடியவில்லை. டயரையே பார்த்தேன்.

அவர் இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது — மனிதர் என் கூச்சத்தைப் பேரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்! எஞ்சின் வேலைக்குத் தேவையான பணம் கையில் மிஞ்சிவிட்டது. ஆனால் அவர் நிறுத்துவதாகத் தெரியவில்லை. மூன்றாவது முறை வாயைத் திறந்தபோது பதறிப்போய்க் குறுக்கே விழுந்தேன்.

"போதுங்க. இதுக்கு மேல குறைக்காதீங்க."

பாபு தலையில் அடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது பைக்கில் ஆவடி தாண்டும் வரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அப்புறம்தான் சொன்னார்: "இருவது வருசமா வண்டி வாங்கித் தர்றேன். விக்கிறவன் குறைக்க, வாங்குறவன் வேணாங்கிறத இன்னிக்குத்தான் பாக்குறேன் அண்ணாத்தே."

வாயுள்ளவர்கள் மட்டும்தான் பேரம் பேச முடியும் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். எதிரில் இருப்பவருக்கு மனசாட்சி இருந்தால், நாம் சும்மா நின்றாலே போதும் போலிருக்கிறது. அது இல்லாதவரிடம் எவ்வளவு பேசித்தான் என்ன?

வண்டி இப்போது பாபுவின் ஷெட்டில், எஞ்சினைக் கழற்றிய நிலையில் நிற்கிறது. வேலை விட்டதும் போய், உள்ளே உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் இருந்துவிட்டு வருகிறேன்... எனக்கு இது சரியான வேகம்தான்.