சிவப்பு நூல் சுற்றிய மிட்டாய்

மலாக்காவில் இருந்த எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் 1957-ஆம் ஆண்டு மலரில், புதிதாக வருகிறவர்களுக்கு ஆலோசனை என்று ஒரு பக்கம் இருக்கிறது. எழுதியவன் பொன்னுதுரை, முதலாண்டு மாணவன். அதில் மூன்றாவது ஆலோசனை இப்படிப் போகும்: “வகுப்பில் தின்பண்டம் கொடுப்பதாக இருந்தால், அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.” படித்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தமிழ்ப் பகுதியைத் தொகுத்த எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வெட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்கு முன்பே அவனிடமிருந்து ஒன்றைப் பிடுங்கியிருந்தேன் என்பதால் விட்டுவிட்டேன்.

என் பெயர் கருணாகரன். அப்போது இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி இசைச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். எனக்குச் சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. யாருக்கும் போட்டியாக வரமாட்டான் என்ற தைரியத்தில் என்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சங்கத்தின் பேண்டு வாத்தியக் குழுவில் முக்கோணக் கம்பியைத் தட்டுவது என் வேலை. அதையும் இடம் தப்பித் தட்டுவேன்.

பொன்னுதுரை ஊரின் இன்னொரு பகுதியான காஜா பெராங்கிலிருந்து சைக்கிளில் வருவான். அவன் அப்பா நகராட்சியில் சாக்கடைகளுக்குக் கொசு எண்ணெய் அடிப்பவர். வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவன்தான் என்பதால் காஜா பெராங்கில் அவனுக்கு ஆலோசனை சொல்லாதவர் கிடையாது. அப்பா, “யாரு என்ன சொன்னாலும் எதுத்துப் பேசாத” என்றாராம். பக்கத்து வீட்டுக்காரர், “வாயத் தொறந்து பேசுலா, இல்லாட்டி ஏறி மிதிச்சிட்டுப் போயிருவானுங்க” என்றாராம். இரண்டையும் கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

முதல் வாரம் புதியவர்களை நாற்காலிமேல் ஏற்றிப் பாடவைப்பது எங்கள் வழக்கம். பாடத் தெரியாதவன் கோழி மாதிரி கூவ வேண்டும். பொன்னுதுரையின் முறை வந்ததும், “பாட வராதுண்ணே. ஊதலாமா?” என்று கேட்டு, சைக்கிளில் கட்டியிருந்த துணிப்பையிலிருந்து ஒரு கார்னெட்டை எடுத்தான். டிரம்பெட்டுக்குத் தம்பி மாதிரி இருக்கும் பித்தளை வாத்தியம், பழையது. மூன்று பொத்தான்களில் ஒன்றுக்கு முத்துச் சில்லு இல்லை, சட்டைப் பித்தானை ஒட்டியிருந்தான். ஊத ஆரம்பித்தான். கூச்சல் அடங்கியது. எனக்கே உடம்பு சிலிர்த்தது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கே கற்றுக்கொண்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அன்றைக்கே அவனைப் பேண்டில் முதல் கார்னெட் ஆக்கினோம்.

அந்த வருடம் ஆகஸ்டில் மெர்டேக்கா, மலாயாவின் சுதந்திர நாள். காலையில் பண்டார் ஹிலிர் திடலில் பள்ளிகளும் சங்கங்களும் அணிவகுக்க, எங்கள் பேண்டும் வாசித்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. முதல் கார்னெட் முன்வரிசையில் நடுவில் நடக்கும். பொன்னுதுரைக்கு அந்த ஒரு நினைப்புதான். அவன் அம்மா வெள்ளைக் காற்சட்டையை மூன்று தடவை வெளுத்துவிட்டாள் என்று மார்ச் மாதமே சொன்னான். அவன் தங்கை கோகிலா, திடலில் எந்த மரத்தடியில் நின்றால் அண்ணன் நன்றாகத் தெரிவான் என்று போய்ப் பார்த்துவிட்டும் வந்தாளாம்.

அதே மார்ச்சில்தான் மிட்டாய் வந்தது. ஒரு திங்கட்கிழமை, ஒத்திகைக்கு முன், பொன்னுதுரை பையிலிருந்து ஒரு கை நிறைய மிட்டாய் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தான். சின்னச் சின்ன மிட்டாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு சிவப்பு நூல் சுற்றியிருந்தது. நான் இரண்டு தின்றேன். பாட்டுக் குழுவைப் பார்த்துக்கொண்ட மல்லிகா நூலை விரலில் சுற்றிக்கொண்டாள். சிறு முரசு வாசிக்கும் கிம் சுவானிடம் நீட்டியபோது அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் பாபா சீனர் வீட்டுப் பையன் அவன், எங்களோடு மலாயில்தான் பேசுவான்.

“இது ஏது உனக்கு?” என்றான்.

“நேத்து ஊதப் போன வீட்டுல குடுத்தாங்க.”

“சாவு வீட்டில்தானே?”

பொன்னுதுரை ஆமாம் என்றான். மறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

விஷயம் இதுதான். காஜா பெராங்கில் நடராஜன் என்பவர் ஒரு பேண்டு வைத்திருந்தார். மலாக்காவில் வசதியான சீனர் வீட்டுச் சவ ஊர்வலம் என்றால் அவர்கள்தான் முன்னால் வாசித்துக்கொண்டு போவார்கள். பொன்னுதுரை பதினைந்து வயதிலிருந்து அதில் இருக்கிறான். இழவு முடிந்து கிளம்புகிறவர்களுக்குச் சீனர்கள் மிட்டாயும் சிவப்பு நூலும் கொடுப்பார்கள். மிட்டாயை அங்கேயே தின்றுவிட வேண்டும், நூலை வீட்டு வாசலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். சாவு அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. இது நடராஜன் பேண்டில் யாருக்கும் தெரியாது. நான்கு வருடமாக அவன் மிட்டாய்களைச் சேர்த்துத் தங்கைக்குக் கொண்டுபோயிருக்கிறான். கோகிலா அந்த நூலில்தான் பின்னல் கட்டுவாள்.

இதையெல்லாம் அவன் வாயாலேயே கேட்ட கிம் சுவான் கத்தவில்லை, முகம்தான் வெளுத்துவிட்டது. “நாலு வருஷமாகச் சாவை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாய். இப்போது எங்களுக்கும் கொடுக்கிறாய். சுவே!” என்றான். நம் ஊரில் பீடை என்பார்களே, அதுதான். அன்றைக்கு அவனும் மற்ற சீன மாணவர்களும் ஒத்திகைக்கு உட்காரவில்லை.

இசை ஆசிரியர் ஒரு வெள்ளைக்காரர். உங்கள் பழக்கவழக்கம் உங்களுக்குத்தான் தெரியும், சங்கக் குழுவே முடிவு செய்யட்டும் என்று கைகழுவிவிட்டார். குழுவில் மூன்று பேர்: கிம் சுவான், மல்லிகா, நான். நாடு பிறக்கிற நாளில் சாவு வீட்டுக்காரன் முன்னால் போகக் கூடாது, சாவு ஒட்டியிருக்கிற ஆள் யாராக இருந்தாலும் கூடாது என்றான் கிம் சுவான். “கார்னெட்டுக்குத் தீட்டு தெரியுமா?” என்றாள் மல்லிகா. மிச்சம் இருந்தது என் வாக்கு. பேண்டில் பாதிப்பேர் சீனர்கள். ஒருவனுக்காகப் பேண்டையே இழக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். பொன்னுதுரையைத் தனியே கூப்பிட்டு ஆலோசனை சொன்னேன்.

“தம்பி, அந்தப் பேண்ட விட்டுரு. ஆகஸ்டுக்குள்ள எல்லாரும் மறந்துருவாங்க.”

“நான் இல்லாட்டி அங்க மெட்டு எடுத்து ஊத ஆளே இல்லண்ணே. செத்தவங்க ஆகஸ்டு வரைக்கும் காத்திருப்பாங்களா?”

“அப்ப இங்க கஷ்டம்.”

அவன் கார்னெட்டைப் பையில் போட்டான். வெளியே வரும்போது எதிரில் கிம் சுவான் நின்றிருந்தான். எதிர்த்துப் பேசாதே என்று அப்பா சொன்னது அந்த நிமிடம் பறந்துவிட்டது. “உன் வீட்டுக்கும் ஒரு நாள் ஊத வருவேன்டா, பாரு” என்று மலாயில் எல்லார் முன்னாலும் சொன்னான். கிம் சுவான் திரும்பி நடந்தான். சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒத்திகை நடக்கும்போதெல்லாம் பொன்னுதுரை இசை அறைக்கு வெளியே, சைக்கிள் கொட்டகையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். ஜன்னல் வழியாகத் தெரியும். எனக்கு எரிச்சலாக வரும். போய்த் தொலைய வேண்டியதுதானே என்று நினைப்பேன். உண்மையில் எரிச்சல் என்மேல்தான். அவனைச் சமாதானப்படுத்தவே மலரில் அந்தப் பக்கத்தை எழுதச் சொன்னேன். நன்றாகத்தான் எழுதியிருந்தான். “முதல் வாரத்தில் எனக்கு ஆலோசனை சொல்லாதவர் வாசலில் ஐஸ் விற்பவர் ஒருவர்தான், ஆகவே அவரிடம் அடிக்கடி போனேன்” என்று ஓரிடத்தில். “உட்கார்ந்து ஊத மூச்சு போதும். நடந்துகொண்டு ஊதுகிறவனுக்குப் பின்னால் வருகிறவர்களின் கால் தெரிய வேண்டும்” என்று இன்னோரிடத்தில். “கைதட்டல் இல்லாத இடத்தில் நாலு வருடம் வாசித்துப் பாருங்கள், நன்றாக வாசித்தோமா என்று நமக்கே தெரிந்துவிடும்” என்றும் இருந்தது. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி அச்சுக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்டு முதல் வாரம் கிம் சுவானின் அப்பா இறந்துபோனார். கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நானும் மல்லிகாவும் பண்டார் ஹிலிரில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனோம். பேண்டுக்கு ஏற்பாடு செய்தது கிம் சுவானின் சித்தப்பா. ஊரில் நல்ல பேண்டு எது என்றுதான் அவர் கேட்டிருப்பார். வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக நடராஜனின் ஆட்கள் வந்து நின்றபோது அதில் பொன்னுதுரையும் இருந்தான். துக்கத்துக்கான சணல் துணி போர்த்தி, குனிந்த தலையோடு வெளியே வந்த கிம் சுவான் அவனைப் பார்த்தான். பொன்னுதுரை கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம்போல இருந்தது.

பேண்டு முன்னால் போனது. அதன் பின்னால் சவ லாரி, லாரிக்குப் பின்னால் கிம் சுவான். வயதானவரின் சாவு, அதனால் மெட்டு அழுகை மெட்டு அல்ல, நாற்காலிமேல் நின்று எங்களுக்கு அவன் ஊதிக் காட்டிய அதே மெட்டு. கிம் சுவானுக்குக் கால் பல இடங்களில் ஓடவில்லை, நின்று நின்று வந்தான். அவன் நின்ற இடங்களிலெல்லாம் கார்னெட்டும் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, அவன் நடந்ததும் நடந்தது. இடுகாடு வரைக்கும் ஒரு முறைகூடத் தப்பவில்லை. “திரும்பியே பாக்கல, எப்படிடா தெரிஞ்சுச்சு?” என்று பிறகு பொன்னுதுரையிடம் கேட்டேன். “மகன் நின்னா டிரைவரு பிரேக்குல கால வைப்பாருண்ணே. இஞ்சின் சத்தம் எறங்கும்” என்றான். எங்கள் இசை ஆசிரியரிடம் இதற்கு மதிப்பெண் கிடையாது.

எல்லாம் முடிந்ததும் மிட்டாய்த் தட்டை எடுத்துக்கொண்டு கிம் சுவானே வந்தான். பொன்னுதுரைக்கு முன்னால் வந்து ஒன்றை நீட்டினான். “இங்கேயே தின்றுவிடு. வீட்டுக்குக் கொண்டுபோகாதே” என்றான். பொன்னுதுரை நூலைப் பிரித்து மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டான். பொன்னுதுரை அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்துக் கிம் சுவான் சட்டைக் கையில் கறுப்புத் துணி தைத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தான். முரசுக் குச்சிகளை என் மேசையில் வைத்தான். துக்கத்தில் இருக்கிறவன் கொண்டாட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாது, நூறு நாள். “சாவு ஒட்டியிருக்கிற ஆள் யாராக இருந்தாலும் கூடாது என்று நான் சொன்னதுதானே” என்றான். பிறகு, “பொன்னுதுரையைச் சேர்த்துக்கொள். எங்கள் சீனப் பையன்களிடம் பேசிவிட்டேன்” என்றான்.

அன்று மாலையே காஜா பெராங்குக்குச் சைக்கிளை மிதித்தேன். பொன்னுதுரை வாசலில் உட்கார்ந்து கார்னெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே கொடியில் அந்த வெள்ளைக் காற்சட்டை தொங்கியது. நான் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே மலர்ந்தது. பிறகு கேட்டான்.

“முரசு யாருண்ணே?”

“வேற ஆள் பாத்துக்கலாம்.”

“அப்ப கிம் சுவான் எங்க நிப்பான்?”

“எங்கயாச்சும் நிப்பான். அத விடு.”

கார்னெட்டை மடியில் வைத்துக்கொண்டான். “அன்னிக்குக் கோவத்துல வாய விட்டுட்டேண்ணே. அப்படியே நடந்துருச்சு. என்னாலதான்னு நான் நம்பல. ஆனா அவன் அத மறந்திருப்பானா?” என்றான். “வெளிய நின்னு கேக்குறது எப்படின்னு எனக்குத் தெரியும். அவனுக்குப் புதுசு. தனியா நிக்க வேணாம்.”

“உனக்கு ஆசை இல்லியா?”

“இல்லாம என்ன? செத்துப்போற ஆசை” என்றான்.

கோகிலா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். காற்சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தாள்.

ஆகஸ்டு 31 காலை நாங்கள் திடலைச் சுற்றி வாசித்துக்கொண்டு போனோம். முதல் கார்னெட்டுக்குப் போட்டிருந்த பையன் பாதியில் மூச்சு வாங்கினான், பேண்டு அவசரப்பட்டது, நானும் வழக்கம்போல் இடம் தப்பித் தட்டினேன். கூட்டம் பொருட்படுத்தவில்லை. ஜனங்கள் கத்திய கத்தலில் நாங்கள் எதை வாசித்திருந்தாலும் போதும். திருப்பத்தில், கோகிலா தேர்ந்தெடுத்த மரத்தடியில் அவர்கள் இருவரும் நின்றிருந்தார்கள். வேடிக்கை பார்க்கலாம், கலந்துகொள்ளத்தான் கூடாது என்று கிம் சுவான் தானாக ஒரு சட்டம் வகுத்துக்கொண்டிருந்தான்போல. கறுப்புத் துணி தைத்த கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் பொன்னுதுரையின் மூன்று விரல்கள் சைக்கிள் கைப்பிடிமேல் மெட்டோடு ஓடிக்கொண்டிருந்தன. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டான்.

அணிவகுப்பு கலைந்த பிறகு மரத்தடிக்குப் போனேன். நன்றாக வாசித்தீர்கள் என்று இருவரும் சொன்னார்கள், அதில் உண்மை இல்லை. பொன்னுதுரை சட்டைப் பையில் கைவிட்டு மிட்டாய் எடுத்தான். கிம் சுவான் பார்க்காமலே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பிறகு பொன்னுதுரையின் கை என் பக்கம் நீண்டது.

என் கை ஒரு கணம் நின்றுவிட்டது. நூல் இருக்கிறதா என்று பார்த்தேன்.

“பயப்படாதீங்கண்ணே” என்றான் பொன்னுதுரை. “கடையில வாங்குனது.”