நுழைவுச்சீட்டில் இரண்டு எழுத்து

அப்பா என்ன வேலை செய்தார் என்று யாராவது கேட்டால், "எஸ்டேட்ல இருந்தாரு" என்று மழுப்பிவிடுவேன். மலேசியாவில், சிலிம் ரிவர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர்.

சென்ற ஆண்டு ஈப்போவிலிருந்து சீனாவுக்குச் சுற்றுலா போனோம். சியானில், மண்ணாலான பழங்காலப் படைவீரர் சிலைகளைத் தோண்டியெடுத்த பள்ளத்தைக் காட்டிய வழிகாட்டிப் பெண், "இவற்றைச் செய்தவர்கள் கூலிகள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எஸ்டேட்டில் அப்பாவை மற்றவர்கள் ஏசிய சொல் அது.

"அந்த வார்த்தையைச் சொல்லாதே!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"என்னங்க, சும்மா இருங்கலா," என்று மனைவி என் சட்டையை இழுத்தாள்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. என் நுழைவுச்சீட்டின் பின்பக்கம் இரண்டு சீன எழுத்துகளை எழுதினாள். "நாங்களும் இதைக் கூலி என்றுதான் படிப்போம். முதலாவது கசப்பு, அடுத்தது பலம். என் அப்பாவும் கூலிதான்," என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். "எங்கள் மொழியில் கூலி என்றால் வேலைக்குத் தரும் சம்பளம்," என்றேன்.

அவள் பள்ளத்தைப் பார்த்தாள். "இவற்றைச் செய்தவர்களுக்கு அது கிடைத்திருக்காது," என்றாள்.

ஊர் திரும்பியதும், குனோங் ராபாட் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் அப்பாவைப் பற்றிக் கேட்டார்.

"பால்மரம் வெட்டுனாரு அண்ணே. கூலிதான்லா," என்றேன். குரல் தடுமாறவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரைத்தான் கேட்காமல் வந்துவிட்டேன்.