கமுகு கேலரி சரிந்த நாள்

போன வாரம் கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு போன். நான் படித்த அரசுப் பள்ளியின் ஹெட்மாஸ்டர். மைதானத்தில் கான்கிரீட் கேலரி கட்டி முடித்துவிட்டார்களாம். திறப்பு விழா மலருக்கு மைதானத்தின் வரலாற்றை நான்தான் எழுத வேண்டுமாம்.

"ரெண்டு பேஜ் மதி, சாரே!"

இரண்டு பக்கம் போதுமாம். இருபது பக்கம்கூட எழுதலாம். எழுத வராதது ஒரே ஒரு பாராதான்.

தொண்ணூறுகளில் அங்கே ஏது கான்கிரீட்? அணிக்கு ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்' கால்பந்து வந்தால், கமுகு மரங்களைக் கயிற்றால் கட்டிப் படிப்படியாகக் கேலரி எழுப்புவார்கள். கட்டுபவர் கண்ணப்பண்ணன். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. எங்கள் தமிழ்க் காலனிக்காரர்.

ஒரு வழக்கம் உண்டு. கட்டியவர் ஆட்டம் முடியும்வரை கேலரிக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கயிறு முனகினால் கம்பால் தட்டுவார். அப்புறம் ஒரு ஆள்கூட மேலே ஏறக் கூடாது. பாவம், ஊருக்கே ஆட்டம் காட்டிய மனிதர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

அந்த வருடம் ஃபைனலில் அவர் மகன் சேகர் ஆடினான். கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி. அடிக்கப் போவது சேகர்! பக்கத்தில் வர்ணனை மைக் பிடித்திருந்த நான் — காலேஜ் முடித்த திமிர் — மைக்கை அணைத்துவிட்டுக் குனிந்தேன்.

"அண்ணே, வெளிய வாங்க! உங்க மோன் பெனால்டி அடிக்கப் போறான்."

"மேல ஆளு நெறஞ்சு கெடக்குடா..."

"ஒரு மினிட்டு அண்ணே. என்ன ஆயிடும்?"

வந்தார். கீழே தட்ட ஆளில்லை. தரையில் நின்ற கூட்டம் பெனால்டி பார்க்க மொத்தமாக மேலே ஏறியது. சேகர் பந்தை வைப்பதற்குள் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. பலருக்குக் கை கால் முறிவு. யூதர் தெருவான ஜூ டவுன் கிடங்கில் மிளகு மூட்டை சுமந்த ஒருவர் அதன் பிறகு நடக்கவே இல்லை.

இடத்தை விட்டு ஏன் வந்தாய் என்று விசாரணையில் கேட்டார்கள். கண்ணப்பண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

"நானாத்தான் வந்தேன் சாரே. மோன் அடிக்கிறதப் பார்க்க ஆசை."

நானும் அதே அறையில்தான் நின்றேன்... வாயை மூடிக்கொண்டு. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அவரை யாரும் மறுபடி கேலரி கட்டக் கூப்பிடவில்லை. சேகர் அதன்பின் பந்தைத் தொடவில்லை. அப்பாவால்தான் எல்லாம் போச்சு என்று அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை.

மலருக்கு விவரம் கேட்கும் சாக்கில் ஞாயிற்றுக்கிழமை கண்ணப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். சாயா போட்டுக் கொடுத்தார். நடந்ததை நடந்தபடி எழுதிவிடட்டுமா என்று கேட்டேன்.

"கட்டினவன் வெளிய வந்தான், கேலரி விழுந்துச்சு. அவ்வளவு எழுது. உன் பேரு எதுக்கு மோனே? நீ எழுதிப் பொழைக்கிறவன்."

அவர் சொன்னபடியே எழுதி அனுப்பிவிட்டேன். மலர் மலையாளத்தில் வருகிறது, மலையாளப் பள்ளியில் படித்த காலனியே படிக்கும். உண்மையை இங்கே, உங்களிடம் தமிழில் சொல்கிறேன். ஏன் தெரியுமா?

சேகருக்குத் தமிழ் படிக்க வராது.